வெள்ளைக் கல்லின் மேல் ஒரு துண்டு

சமையல் மேடைக்கு வெள்ளைக் கல்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஆலங்குடியில் நாங்கள் கட்டிய வீட்டில் மற்ற எல்லாவற்றையும் என் கணவரும் கொத்தனாரும் பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள். வாசல் எந்தப் பக்கம், மாடிப்படி எந்தப் பக்கம், பூசையறைக்கு என்ன கதவு, எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை. சமையலறை என்று வந்தபோது திறந்தேன். திறந்தால் மூட மாட்டேன் என்பது என் கணவருக்குத் தெரியும்.

கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுகளில், எவர் எவரோ சமைத்துப் பிசுக்கு ஏற்றிய கடப்பாக் கல்லில்தான் நான் சமைத்தேன். கறுப்புக் கல்லில் அழுக்குத் தெரியாது என்று எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். தெரியாவிட்டால் அழுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் பட்டால் என்ன பாடு படவேண்டும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அப்படியும் வெள்ளைதான் வேண்டும் என்றேன்.

விராலிமலைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு கல் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. "அக்கா, வெள்ளையா இருக்கிறதெல்லாம் கறை புடிக்காத குவார்ட்ஸ் இல்ல. பளபளன்னு இருக்குன்னு ஏமாந்துறாதீங்க" என்று ஒரு சின்னத் துண்டைக் கையில் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோயி மஞ்சத்தூளு, புளித்தண்ணி, எண்ணெய் எல்லாத்தையும் இதுல ஊத்தி வைங்க. மறுநா சோப்புத் தண்ணி விட்டுத் தொடைங்க. போச்சுன்னா வாங்குங்க, போவலைன்னா வேணாம்" என்றார். நான் அப்படியே செய்தேன். மறுநாள் அந்தத் துண்டு குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. என் கணவரின் முகத்துக்கு நேராக அதை நீட்டினேன். அவர் தோற்றுப்போனார்.

பெரிய கல்லைத் தேர்ந்தெடுத்த அன்றுதான் கடைக்காரர் மற்றதைச் சொன்னார். "கறையப் பத்திக் கவலைப்படாதீங்கக்கா. சூடுதான் ஆவாது. கல்லுப்பொடியப் பசையில கொழச்சு அழுத்திச் செய்யிறது இது. அடுப்புலேர்ந்து எறக்குன சட்டிய அப்படியே வச்சீங்கன்னா அந்தப் பசை பழுத்துரும். அப்பறம் என்ன தேச்சாலும் போவாது. சிங்குக்கு முன்னால கல்லு ஒல்லியா வரும் பாருங்க, அங்க கொதிக்கிற பானைய வச்சா வெடிச்சாலும் வெடிக்கும்."

"கருங்கல்லுல இந்தத் தொல்லை உண்டாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன். கல்லைத்தான் வாங்கினோம்.

குடிபுகுந்த கொஞ்ச நாளில் என் கணவரின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். திருவரங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் தனியாக இருந்தவர். அவர் கணவர் காலமாகிவிட்டார்; ஒரே மகன் சிங்கப்பூரில். உடம்பில் சர்க்கரை வேறு. மழைக்காலத்தில் கொல்லையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கும்வரை எழ முடியாமல் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து என் கணவர் சரியாகத் தூங்கவில்லை. தாயில்லாத இவரை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான்.

"ஒரு மாசம் இருந்து பாக்கட்டும். ஒத்துப்போச்சுன்னா இங்கயே இருந்துறட்டும். இல்லைன்னா அவ போறேம்பா, என்னால நிறுத்த முடியாது" என்று என்னிடம் சொன்னார். "அவ இருக்கிறதும் போறதும் ஒன் கையிலதான்."

"ஏன், ஒங்க கைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்கும் அண்ணி எங்களோடு இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. என் பிரசவத்தின்போது பத்தியம் பார்த்துச் சமைத்துப் போட்டவர் அவர். என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு செய்யவில்லை. ஆசையோடுதான் கூப்பிட்டேன், சத்தியமாக.

ஆனால் அண்ணிக்கும் அந்தக் கல்லுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. அவர் கை வேகமான கை. மஞ்சள் குழம்பில் போட்ட கரண்டியை எடுத்து அப்படியே கல்லின் மேல் வைப்பார். தேங்காயை மேடை விளிம்பில் ஓங்கித் தட்டப் போவார். நான் தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடுவேன். "அண்ணி, அண்ணி, அதுல வேணாம்." அவர் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உடைத்துக்கொண்டு வருவார். வாழைப்பூ ஆய்வதற்குப் பேப்பர் விரித்துக்கொண்டு வாசல்படியில் உட்காருவார். எனக்கு அது உறுத்தியது. உறுத்தியதே ஒழிய, உள்ளே வந்து கல்லின் மேல் ஆயுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வாழைப்பூக் கறை என்ன லேசுப்பட்ட கறையா?

வீட்டில் எங்கு பார்த்தாலும் மேட் வாங்கிப் போட்டேன். ரப்பர் மேட், கட்டை மேட், கயிற்றுப் பிரிமணை. சூடான எதுவும் அதன் மேல்தான் இறங்கவேண்டும். ஒரு நாள் அண்ணி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். வாரத்துக்கு ஒரு தடவை வருகிற போன். எடுக்காவிட்டால் அடுத்த வாரம்தான். அவர் அவசரத்தில் இரும்புச் சட்டியை இறக்கிக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடினார்.

நான் போய்ப் பார்க்கும்போது சட்டி வைத்த இடத்தில் பழுப்பாக ஒரு பிறை. சோப்பு போட்டேன். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன். பற்பசை போட்டேன். தோள் வலிக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், அது இம்மிகூட மாறவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கல்லுக்காக அழுகிறோமே என்ற வெட்கம் ஒரு பக்கம், அழாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணி பின்னால் வந்து நின்றார்.

"தெரியாம வச்சுட்டேன்த்தா."

"எத்தன தடவ சொல்றது அண்ணி? இது என்ன ஒங்க வீட்டு மண்ணடுப்பா, கண்ட எடத்துல எறக்கி வைக்க?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டிவிட்டேன். அண்ணி சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கழுவப் போனார். கூடத்தில் இருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "கல்லானாலும் கணவன்னு சொல்லுவாங்க. ஒனக்கு இந்தக் கல்லுதான் கணவன்" என்றார். அதன் பிறகு அன்று முழுதும் என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போங்கள் என்று நானும் இருந்தேன். சாயங்காலம் அண்ணி அவரிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "மாசம் முடியட்டும் தம்பி. பொறவு நான் ஊருக்குப் போறேன்."

அது என்னைக் கலக்கிவிட்டது. அந்தக் கொல்லையிலே மறுபடி விழுந்தால் யார் தூக்குவது? என் கணவர் காலத்துக்கும் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாரா? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பால் காய்ச்சியபோது வர முடியாத அவர்கள் பங்காளிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச் சோற்றுக்குக் கூப்பிடுவோம் என்றேன். சாப்பாடு முடிந்ததும் சபையில் எல்லோர் முன்னாலும் 'அக்கா இனிமே எங்க வீட்லதான்' என்று இவர் சொல்லிவிடவேண்டும். நாலு பேர் காதில் விழுந்த பிறகு அண்ணியால் மறுத்துப் பேச முடியாது. அந்தக் குடும்பத்தில் சபையில் சொன்ன சொல்லை யாரும் தட்ட மாட்டார்கள். என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீதான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அண்ணியும் நானும் சேர்ந்துதான் சமைத்தோம். அவர் கைப்பக்குவம் எனக்கு வராது. கறிக்கு மசாலா அவர் அரைத்தார். மனஸ்தாபம் எல்லாம் போய்விட்டது போலத்தான் இருந்தது. இலை போட ஆரம்பித்தபோது குழம்பு, ரசம், வறுவல் பாத்திரங்களைக் கூடத்தில் புது மேசைக்குக் கொண்டுபோனேன். மேசையும் பாழாகக் கூடாது என்று வீட்டில் இருந்த மேட், பிரிமணை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அங்கே போட்டேன். முதல் பானைச் சோறு பந்திக்குப் போய்விட்டது. இரண்டாவது பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. "அண்ணி, நீங்க வடிச்சிருங்க, நான் பரிமாறுறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே சத்தம் கேட்டது. பாத்திரம் கல்லில் மோதுகிற சத்தம். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணி சிங்குக்கு முன்னால் நின்றார். பானை அடுப்பின் மேல் இருந்தது. தரையெல்லாம் கஞ்சி. சிங்குக்கு முன்னால் கல் ஒல்லியாக வருகிறதே, அந்த இடத்தின் மேல் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவர் நின்றார்.

"என்ன அண்ணி சத்தம்?"

"ஒண்ணுமில்லத்தா. வடிதட்டு விழுந்துருச்சு. நீ போயி எலையப் பாரு, சோறு கேக்கப் போறாங்க."

"தள்ளுங்க, நான் தொடைக்கிறேன்."

"நான் தொடச்சுக்கிறேன். போத்தா."

அவர் நகரவில்லை.  கொதிக்கிற பானையை அங்கே வைத்திருக்கிறார். கல் வெடித்துவிட்டது. அதை மூடிக்கொண்டு நிற்கிறார். கடைக்காரர் விரலை வைத்துக் காட்டிய அதே இடம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது என்ன பேச முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றை வாரிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கு என்ன பரிமாறினேன் என்று எனக்கே தெரியாது. கை சோறு வைத்தது, வாய் "போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று கேட்டது, மனம் முழுக்க அந்தத் துண்டுக்கு அடியில் இருந்தது. விரிசல் ஓரத்தோடு நின்றிருக்குமா, சிங்கைச் சுற்றி ஓடியிருக்குமா? ஒட்டுப் போட முடியுமா, கல்லையே மாற்ற வேண்டியிருக்குமா? சாப்பிட்டு முடித்த பெண்கள் சிலர் வெள்ளைக் கல்லைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே வந்துவிட்டார்கள். நான் முன்னால் ஓடி அடுப்புப் பக்கத்துக் கல்லைக் காட்டினேன். ஒருத்தி அதைத் தடவிப் பார்த்து, "பாலாடை மாதிரில்ல இருக்கு" என்றாள். அண்ணி துண்டின் மேல் கையை ஊன்றியபடியே அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு எப்படிச் சிரிக்க முடிகிறது என்று நினைத்தேன்.

எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வா. எல்லாரும் இருக்காங்க."

"நீ போ தம்பி. எனக்கு இங்க வேலை கெடக்கு."

"வேலை கெடக்கட்டும்க்கா. ஒரு விசயம் சொல்லணும், நீ பக்கத்துல இருக்கணும்."

"வரலைன்னா விடேன்" என்றார் அண்ணி. குரல் வேறு மாதிரி இருந்தது. சிங்கைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எந்தச் சென்மத்திலும் மறக்க மாட்டேன். மறுபடி நான் ஏதோ சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாமி சத்தியமாகச் சொல்லவில்லை, ஆனால் அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அவர் கூடத்துக்குப் போனார். மழையைப் பற்றியும் முந்திரி பூப்பிடித்ததைப் பற்றியும் பேசினார்கள். சபையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே எல்லோரையும் வழியனுப்பி வைத்தார்.

கடைசிச் செருப்பு வாசலைத் தாண்டியதும் நான் நேராக உள்ளே போனேன்.

"அண்ணி, துண்ட எடுங்க."

"எதுக்குத்தா?"

"எடுங்கன்னு சொல்றேன்ல."

அவர் ஒரு கையைத் தூக்கினார். நானே துண்டை இழுத்தேன். அடியில் கல் வெள்ளையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். விரிசல் இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நகம்கூட எங்கேயும் தட்டவில்லை. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. சந்தோஷம்தான், மறைப்பானேன்.

துண்டிலிருந்து சொட்டிய கஞ்சி தரையில் விழுந்தது. அது விழுந்த இடத்தைப் பார்த்தபோதுதான் அண்ணியின் கால் கண்ணில் பட்டது. சேலைக் கரை கணுக்காலோடு ஒட்டியிருந்தது. மெதுவாக விலக்கினேன். பாதத்தின் மேல்தோல் உப்பி, விரல் பக்கம் உரிந்து சுருண்டு கிடந்தது. என் கணவரைக் கூப்பிட்டேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"வலிக்கலையா அண்ணி? இவ்வளவு நேரம் நின்னீங்களே!"

"மொத எரிஞ்சுச்சு. பொறவு மரத்துப்போச்சு. வந்தவங்க சாப்புட்டுப் போவட்டுமேன்னு இருந்தேன்."

கார் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரைக்காரர் காலில் வலி முழுசாகத் தெரியாது, அதுதான் ஆபத்து, புண் ஆறுவதற்கு நாள் பிடிக்கும், சீழ் பிடித்தால் விரலை எடுக்கும்படி ஆகிவிடும் என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். எப்படி ஆனது என்று கேட்டார். "சோறு வடிக்கிறப்ப கை தவறிருச்சும்மா" என்றார் அண்ணி. அங்கேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஒரு நாள்கூடத் தங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். தினமும் கட்டு மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? கோபம் அவர் மேல்தான் என்று கார் பாதித் தூரம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலங்குடிக்குத் திரும்புகிற வழியில் திருவரங்குளம் முதலில் வரும்.  என் கணவர் முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி என் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோயில் தாண்டட்டும், கடைத்தெரு தாண்டட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அவர் கிராமத்துக்குப் பிரிகிற ரோடு வந்ததும், "தம்பி, எங்க வீட்டுக்குத் திருப்பச் சொல்லு" என்றார்.

கார் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது.  நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் அண்ணி. நம்ம வீட்டுக்கு வாங்க. இந்தக் காலோட இங்க தனியா என்ன பண்ணுவீங்க? நான் அந்தக் கல்லப் பேத்துத் தூரப் போட்டுர்றேன்."

"கல்லு என்னத்தா பண்ணுச்சு. அது பாட்டுக்குக் கெடக்கு."

"அப்பறம் ஏன் பானைய அது மேல வைக்கல? சாயுதுன்னு தெரிஞ்சுச்சுல்ல?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"தெரிஞ்சுச்சு. மேட்டு ஒண்ணையும் காணோம், கல்லு மேல துண்ட மடிச்சுப் போட்டு, அது மேலதான் பானைய சாச்சேன். துண்டு வழுக்கிருச்சு. வெடுக்குன்னு கல்லு மேல வச்சிருந்தா தப்பிச்சிருப்பேன். அன்னைக்கு அந்தக் கறை போவலைன்னு நீ நின்னு அழுதியே, அதுதான் கண்ணு முன்னால வந்துச்சு. புண்ணுன்னா ஆறிரும்லன்னு நெனச்சுட்டேன்."

இவர் இறங்கிக் கதவைத் திறந்து தோளைக் கொடுத்தார். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கினார். என்னை வா என்று அண்ணி சொல்லவில்லை. அவர் வீட்டில் என்னைத் தங்கவிடுவாரா என்றும் எனக்குத் தெரியாது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நானும் இறங்கி அவர்கள் பின்னால் நடந்தேன்.